வளர்ப்பு விலங்குகளின் கருணைக்கொலை

வளர்ப்பு விலங்குகளின் கருணைக்கொலை என்பது, குணப்படுத்த இயலாத நோயினாலோ காயத்தினாலோ கடுந்துன்பம் அடையும் ஒரு விலங்கினை, அதன் துன்பத்தை முடிவுக்குக் கொண்டுவரும் ஒரே நோக்கத்துடன், இயன்ற அளவு வலியின்றி இறக்கச் செய்தல் ஆகும். நாய், பூனை முதலிய செல்லப்பிராணிகள், மாடு, குதிரை முதலிய கால்நடைகள், கோயில் யானைகள் ஆகியவற்றின் இறுதிக்காலத்தில் இக்கேள்வி எழுகின்றது. விலங்கினால் தன் விருப்பத்தைச் சொல்ல இயலாது. எனவே முடிவினை மனிதரே எடுக்க வேண்டியுள்ளது. இதுவே இப்பொருளின் அறச்சிக்கலுக்கு அடிப்படையாகும்.

இக்கட்டுரை கருணைக்கொலையின் பொருள், மருத்துவ முறை, இந்தியச் சட்டநிலை, அறவாதங்கள் ஆகியவற்றைத் தமிழ்நாட்டுச் சூழலில் விளக்குகின்றது. எடுத்துக்காட்டுகளுக்கு, மாடுகளும் நாட்டுநாய்களும் காட்டு யானைகளும் மனிதரோடு அடுத்தடுத்து வாழும் தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றது.

சொற்பொருளும் வேறுபாடுகளும்

விலங்கைக் கொல்லும் எல்லாச் செயல்களும் கருணைக்கொலை ஆவதில்லை. நோக்கத்தைக் கொண்டு பின்வருமாறு வேறுபடுத்தலாம்.

* கருணைக்கொலை: கொல்லப்படும் விலங்கின் நன்மைக்காகவே செய்யப்படுவது.
* கொன்றழித்தல்: பறவைக் காய்ச்சல் போன்ற தொற்றுநோய் பரவாமல் தடுக்க, பொதுநலன் கருதிப் பெருந்தொகையாகக் கொல்வது. இதில் நோயற்ற விலங்குகளும் கொல்லப்படுவதுண்டு.
* இறைச்சிக்காக வெட்டுதல்: உணவுத் தேவைக்காகக் கொல்வது.
* வசதிக்கொலை: நலமாக உள்ள அல்லது குணப்படுத்தக்கூடிய விலங்கினை, உரிமையாளரின் செலவு, இடமாற்றம், சலிப்பு போன்ற காரணங்களுக்காகக் கொல்வது.

இவற்றுள் முதலாவதும் நான்காவதும் ஒரே ஊசியினால், ஒரே மேசையில் செய்யப்படக்கூடியவை. வெளித்தோற்றத்தில் வேறுபாடு இல்லை. யாருடைய துன்பம் முடிக்கப்படுகின்றது என்பதே இவற்றைப் பிரிக்கின்றது.

மருத்துவ முறை

கருணைக்கொலையில் முதலில் விலங்கு நினைவிழக்க வேண்டும். அதன் பின்னரே மூச்சும் இதயமும் நிற்க வேண்டும். இவ்வரிசை மாறினால் அச்செயல் வதையாகிவிடும்.

நாய், பூனைகளுக்குப் பொதுவாக முதலில் அமைதிப்படுத்தும் மருந்து ஒன்று தரப்படுகின்றது. பின்னர் பார்பிட்டுரேட்டு வகையைச் சேர்ந்த மயக்க மருந்து மிகை அளவில் சிரை வழியாகச் செலுத்தப்படுகின்றது. பல நாடுகளில் பென்டோபார்பிட்டால் பயன்படுகின்றது. இந்தியாவில் தையோபென்டோன் சோடியம் பரவலாகப் பயன்படுகின்றது. சில நொடிகளில் விலங்கு ஆழ்மயக்கம் அடைகின்றது. அதன்பின் மூளையின் மூச்சு மையம் செயலிழந்து, இதயத்துடிப்பும் நிற்கின்றது.

மாடு, குதிரை போன்ற பெரிய விலங்குகளுக்கு, ஆழ்மயக்கம் உறுதியான பின் பொட்டாசியம் குளோரைடு அல்லது மக்னீசியம் சல்பேட்டுக் கரைசல் செலுத்தி இதயத்தை நிறுத்தும் முறையும் உண்டு. மயக்கமளிக்காமல் இவற்றை மட்டும் செலுத்துவது கடும் வலி தருவதாகையால் ஏற்கத்தக்கதன்று.

ஊசிக்குப் பின் கண்கள் திறந்தே இருக்கலாம். தசைகள் சற்றுத் துடிக்கலாம். ஓரிரு முறை மூச்சிழுப்பது போன்ற அசைவு தோன்றலாம். இவை நினைவிழந்த உடலின் அனிச்சை அசைவுகளே. மருத்துவர் இதயத்துடிப்பையும் விழிவெண்படல அனிச்சையையும் சோதித்து இறப்பை உறுதி செய்த பின்னரே உடல் அப்புறப்படுத்தப்பட வேண்டும்.

உடலை ஆழமாகப் புதைப்பது அல்லது எரிப்பது அவசியமாகும். பார்பிட்டுரேட்டு மருந்து இறந்த உடலில் நெடுநாள் தங்குவதால், அதனைத் தின்னும் நாய், நரி, பிணந்தின்னிக் கழுகு ஆகியனவும் நஞ்சூட்டப்பட்டு இறக்கக்கூடும். மாட்டு மருத்துவத்தில் பயன்பட்ட டைக்ளோஃபெனாக் மருந்து இறந்த மாடுகளின் உடல்வழியே கழுகுகளைப் பேரளவில் அழித்ததும், 2006 ஆம் ஆண்டு கால்நடைகளுக்கான அம்மருந்து இந்தியாவில் தடை செய்யப்பட்டதும் இங்கு நினைவுகூரத்தக்கது.

முடிவெடுப்பதற்கான அளவுகோல்கள்

விலங்கின் வலியை அதன் நடத்தையைக் கொண்டே அறிய வேண்டியுள்ளது. அமெரிக்கக் கால்நடைப் புற்றுநோய் மருத்துவர் ஆலிசு வில்லலோபோசு 2004 இல் வெளியிட்ட வாழ்க்கைத்தர அளவுகோல் பரவலாக அறியப்பட்டதாகும். அது ஏழு கூறுகளைக் கவனிக்கின்றது.

1. வலி கட்டுக்குள் உள்ளதா. மூச்சு எளிதாக உள்ளதா
2. உணவு உட்கொள்கின்றதா
3. உடலில் போதிய நீர் உள்ளதா
4. தூய்மையாக வைத்திருக்க இயலுகின்றதா
5. சுற்றத்தாரிடம் மகிழ்வும் ஆர்வமும் காட்டுகின்றதா
6. எழுந்து நடமாட இயலுகின்றதா
7. நல்ல நாட்கள் மோசமான நாட்களை விட மிகுதியாக உள்ளனவா

ஒவ்வொரு கூறுக்கும் பத்துக்குள் மதிப்பெண் இடப்படுகின்றது. மதிப்பெண் தானாக முடிவைத் தந்துவிடாது. ஆனால் துயரத்திலுள்ள குடும்பத்தினர், தம் துன்பத்தையும் விலங்கின் துன்பத்தையும் பிரித்துப் பார்க்க இது உதவுகின்றது.

நோய் இன்னதென்று உறுதி செய்யாமல் எடுக்கும் முடிவு தவறாகலாம். கன்று ஈன்ற ஓரிரு நாளில் எழ முடியாமல் படுத்துவிடும் பசு, சாகக் கிடப்பதாகவே தோன்றும். ஆனால் அது இரத்தத்தில் சுண்ணாம்புச்சத்து திடீரெனக் குறைவதால் வரும் பால்காய்ச்சலாக இருக்கலாம். அவ்வாறாயின், சிரை வழியே கால்சியம் கரைசல் செலுத்தினால் பசு சில மணி நேரத்தில் எழுந்து நிற்கக்கூடும். அதே பசு கவனிப்பின்றி நாள்கணக்கில் ஒரே பக்கமாகக் கிடந்தால், தன் உடல் எடையாலேயே தொடைத்தசைகளும் நரம்புகளும் நசுங்கி, மீளமுடியாத நிலையை அடைகின்றது. முதல் நாளில் குணப்படுத்தக்கூடியது நான்காம் நாளில் கருணைக்கொலைக்கு உரியதாகிவிடுகின்றது.

மனிதரைக் கடித்த நாயை உடனே கொல்வதும் தவறாகும். வெறிநோய் உள்ள நாய் பொதுவாகப் பத்து நாட்களுக்குள் இறந்துவிடும். எனவே அதனைப் பத்து நாட்கள் கண்காணிப்பது கடிபட்டவரின் மருத்துவத்திற்கும் பயன்படும். எனினும் கடிபட்டவர் அதற்காகக் காத்திராமல் உடனே தடுப்பூசியைத் தொடங்க வேண்டும்.

சட்டநிலை

விலங்குவதைத் தடுப்புச் சட்டம், 1960

இந்தியாவில் இப்பொருளுக்கு அடிப்படையானது விலங்குவதைத் தடுப்புச் சட்டம், 1960 ஆகும். இதன் 3 ஆம் பிரிவு, விலங்கின் நலனைப் பேணுவதும் அதற்குத் தேவையற்ற வலி நேராமல் தடுப்பதும் அதனைப் பொறுப்பில் வைத்திருப்பவரின் கடமை என்கின்றது. 11 ஆம் பிரிவு வதைச் செயல்களைப் பட்டியலிடுகின்றது. அடித்தல், அளவுக்கு மீறிச் சுமை ஏற்றுதல், வலி தரும் வகையில் ஏற்றிச் செல்லுதல், போதிய உணவும் நீரும் தராதிருத்தல் ஆகியன அவற்றுட் சில. பசியாலும் தாகத்தாலும் துன்புறக்கூடிய நிலையில் விலங்கைக் கைவிடுதலும் குற்றமாகும். எட்டிக்கொட்டையிலிருந்து பெறப்படும் ஸ்ட்ரிக்னின் நஞ்சை இதயத்தில் ஊசி வழிச் செலுத்திக் கொல்வதைச் சட்டம் பெயர் சொல்லியே குற்றமாக்கியுள்ளது.

இச்சட்டத்தின் 13 ஆம் பிரிவு, துன்புறும் விலங்குகளைக் கொல்வதைப் பற்றியதாகும். வதைக்குற்றத்திற்காக உரிமையாளர் தண்டிக்கப்படும்போது, அவ்விலங்கை உயிருடன் வைத்திருப்பதே கொடுமை என நீதிமன்றம் கருதினால், அதனைக் கொல்ல ஆணையிடலாம். உரிமையாளர் இசையாவிடில், அப்பகுதிக்குப் பொறுப்பான கால்நடை மருத்துவரின் சான்று தேவை. சாலையிலோ வேறிடத்திலோ கொடுங்காயத்துடன் கிடந்து, வதையின்றி அப்புறப்படுத்த இயலாத விலங்கைக் காணும் காவல் அலுவலர், உரிமையாளர் இல்லாத நிலையிலோ அவர் மறுக்கும் நிலையிலோ, கால்நடை மருத்துவரை வரவழைத்து அவரது சான்றையும் குற்றவியல் நடுவரின் ஆணையையும் பெற்று அதனைக் கொல்லலாம்.

இதிலிருந்து, சட்டம் கருணைக்கொலையை உரிமையாளரின் தனி உரிமையாகக் கருதவில்லை என்பது புலனாகும். விலங்கு உயிருடன் இருப்பதே கொடுமையாகிவிட்டதா என்பதே அது கேட்கும் கேள்வியாகும்.

தண்டனையைப் பொறுத்தவரை இச்சட்டம் மிகவும் வலுக்குறைந்தது. முதல் குற்றத்திற்கு 10 முதல் 50 ரூபாய் வரையே தண்டத்தொகை விதிக்கப்பட்டிருந்தது. இதனை உயர்த்துவதற்கான வரைவுத் திருத்தம் ஒன்றை ஒன்றிய அரசு 2022 நவம்பரில் மக்கள் கருத்துக்காக வெளியிட்டது. விலங்கைக் கொல்லுதல், நஞ்சூட்டுதல், முடமாக்குதல் ஆகியவற்றிற்கு, 2024 சூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 325 ஆம் பிரிவின்படி ஐந்தாண்டுகள் வரை சிறைத்தண்டனை விதிக்கலாம்.

தெருநாய்கள்

சென்னையில் தெருநாய்களைப் பிடித்துக் கொல்லும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. 1959 இல் கேப்டன் வி. சுந்தரம் தோற்றுவித்த இந்திய புளூ கிராஸ் அமைப்பு, கொல்வதற்கு மாற்றாகக் கருத்தடையை முன்வைத்தது. சென்னை மாநகராட்சி 1996 இல் இம்முறையைக் கைக்கொண்டது. 2001 இல் நாய்களுக்கான விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள் நாடு முழுமைக்கும் வந்தன. 2023 மார்ச்சில் புதிய விதிகள் அவற்றின் இடத்தைப் பெற்றன. இவ்விதிகள் குணப்படுத்த முடியாத நோயோ சாவுக்காயமோ உள்ள நாய்களை மட்டுமே கருணைக்கொலை செய்ய அனுமதிக்கின்றன. ஒரு நாயின் முன்னிலையில் மற்றொரு நாயைக் கொல்லலாகாது என்பதும் விதியாகும். 2025 சூலையில் தமிழ்நாடு அரசு, நோயுற்றும் காயமுற்றும் மீளமுடியாத நிலையிலுள்ள தெருநாய்களைப் பதிவுபெற்ற கால்நடை மருத்துவர்களைக் கொண்டு கருணைக்கொலை செய்ய அனுமதி வழங்கியது.

மனிதருடன் ஒப்பீடு

உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9 அன்று வழங்கிய தீர்ப்பில், மீளமுடியாத நிலையிலுள்ள மனிதருக்கு உயிர்காக்கும் மருத்துவத்தை விலக்கிக்கொள்ளும் செயலறு கருணைக்கொலையை ஏற்றது. மருந்து செலுத்தி இறக்கச் செய்தல் மனிதருக்கு அனுமதிக்கப்படவில்லை. விலங்குகளுக்கோ மருந்து செலுத்தி இறக்கச் செய்தலே நடைமுறையாகும். மனிதருக்குத் தரப்படும் தொடர் வலிநீக்கப் பராமரிப்பு பெரும்பாலான விலங்குகளுக்குக் கிடைப்பதில்லை என்பது இவ்வேறுபாட்டிற்கு ஆதரவாகச் சொல்லப்படும் காரணங்களுள் ஒன்று.

சேலம் யானை ராஜேஸ்வரி வழக்கு

தமிழ்நாட்டில் இப்பொருளைப் பொதுவிவாதமாக்கியது சேலம் சுகவனேசுவரர் கோயில் யானை ராஜேஸ்வரியின் வழக்காகும். சுமார் 42 வயதுடைய இந்த யானை, கால்களில் ஏற்பட்ட பாதிப்பினால் 2018 ஆம் ஆண்டின் தொடக்க மாதங்களில் எழுந்து நிற்க இயலாமல் படுத்த படுக்கையானது. உடலில் படுக்கைப் புண்கள் உண்டாயின. பல ஆயிரம் கிலோகிராம் எடையுள்ள யானை நெடுநேரம் ஒரே பக்கமாகப் படுத்திருந்தால், அதன் எடையே நுரையீரலையும் தசைகளையும் அழுத்தும். ஆகவே எழ இயலாமை யானைக்கு உயிர் போக்கும் நோயாகவே அமைகின்றது.

யானையின் துன்பத்தை முடிவுக்குக் கொண்டுவரக் கோரி விலங்குநல ஆர்வலர் ஒருவர் சென்னை உயர் நீதிமன்றத்தை அணுகினார். தலைமை நீதிபதி இந்திரா பானர்ஜி, நீதிபதி அப்துல் குத்தூஸ் ஆகியோர் அடங்கிய அமர்வு 2018 ஏப்ரலில் ஆணை பிறப்பித்தது. கால்நடை மருத்துவர் யானையை ஆய்வு செய்து, அதனை உயிருடன் வைத்திருப்பது கொடுமையாகும் எனச் சான்றளித்தால், கருணைக்கொலை செய்யலாம் என்பதே அவ்வாணையாகும். அது நிறைவேற்றப்படுவதற்கு முன்னரே 2018 ஏப்ரல் 21 அன்று ராஜேஸ்வரி இயற்கையாக இறந்தது.

இவ்வழக்கில் இரண்டு செய்திகள் கவனிக்கத்தக்கவை. முதலாவதாக, நீதிமன்றம் தானே முடிவெடுக்காமல் 1960 ஆம் ஆண்டுச் சட்டத்தின் அளவுகோலை மருத்துவரின் கையில் கொடுத்தது. இரண்டாவதாக, கருணைக்கொலை பற்றிய கேள்வி எழுந்தபோது யானையின் உடல் ஏற்கனவே சிதைந்துவிட்டிருந்தது. காட்டில் நாள்தோறும் மண்ணில் நெடுந்தொலைவு நடக்கும் இயல்புடைய யானை, கல்தளத்தில் கட்டிவைக்கப்படும்போது பாதப்புண்ணும் மூட்டுநோயும் அடைவது நன்கு அறியப்பட்டதாகும். இறுதி வாரங்களைப் பற்றி மட்டும் விவாதித்து, அவற்றிற்கு முந்தைய ஆண்டுகளைப் பற்றிப் பேசாதிருப்பது பொருந்தாது என்ற கருத்தும் இதையொட்டி முன்வைக்கப்படுகின்றது.

கம்பம் பள்ளத்தாக்கு

கம்பம் பள்ளத்தாக்கு, மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் மேகமலை, வருசநாட்டு மலைகளுக்கும் இடையில் அமைந்துள்ளது. கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் ஆகியன இங்குள்ள முக்கிய ஊர்கள். 1895 முதல் முல்லைப் பெரியாறு அணை நீர் பாய்வதால் நெல்லும் திராட்சையும் தென்னையும் வாழையும் விளையும் இப்பகுதியில், உழவும் கால்நடையும் பிரிக்க முடியாதவையாக இருந்துவந்துள்ளன. கோயில் யானைக்கும் வீட்டு நாய்க்கும் எழும் கேள்வி, இங்கு பெரும்பாலும் முதிர்ந்த மாட்டின் வடிவில் எழுகின்றது.

மாடுகளின் கடைசிப் பயணம்

உழவுக்கும் கறவைக்கும் உதவாத மாட்டை மருத்துவரிடம் கொண்டுசென்று கருணைக்கொலை செய்யும் வழக்கம் உழவரிடையே இல்லை. அது விற்கப்படுகின்றது. தமிழ்நாட்டில் 1958 ஆம் ஆண்டின் விலங்குகள் பாதுகாப்புச் சட்டம், பத்து வயதைக் கடந்து, வேலைக்கும் இனப்பெருக்கத்திற்கும் பயன்படாத மாடுகளை மட்டுமே, உரிய சான்றிதழின் பேரில் வெட்ட அனுமதிக்கின்றது. பசுக்களைப் பொறுத்தவரை 1976 ஆம் ஆண்டின் அரசாணை ஒன்று அவற்றை இறைச்சிக்கூடங்களில் வெட்டுவதைத் தடை செய்தது. கேரளத்தில் இத்தகைய பொதுத்தடை இல்லை. எனவே குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு ஆகிய மலைவழிகள் நெடுங்காலமாக மாட்டு வணிகத்தின் வழிகளாக விளங்குகின்றன.

1978 ஆம் ஆண்டின் விலங்குகளை ஏற்றிச்செல்லும் விதிகள், ஒரு சரக்கு வண்டியில் ஆறு மாடுகளுக்கு மேல் ஏற்றலாகாது எனவும், உடல்நலம் பற்றிய மருத்துவச் சான்று தேவை எனவும் கூறுகின்றன. விதியை மீறி நெருக்கி ஏற்றப்படும் மாடுகள் மலைப்பாதையின் வளைவுகளில் விழுந்து மிதிபடுகின்றன. விழுந்த மாட்டை எழுப்ப வாலை முறிப்பதும் கண்ணில் மிளகாய்ப்பொடி தேய்ப்பதும் இந்திய மாட்டு வணிகத்தில் நடப்பதாக விலங்குநல அமைப்புகள் பலமுறை குற்றஞ்சாட்டியுள்ளன. இவை 11 ஆம் பிரிவின்படி குற்றங்களாகும்.

இதில் உள்ள அறச்சிக்கல் எளிதானதன்று. தன் கையால் ஊசி போடச் சம்மதிக்க மனம் வராத உரிமையாளர், மாட்டை விற்கும்போது அதன் இறப்பைத் தவிர்த்துவிடுவதில்லை. இறப்பைத் தன் கண்ணுக்கு அப்பால் அனுப்புகின்றார். இடையிலுள்ள பயணத்தின் துன்பம் கூடுதலாகச் சேர்கின்றது. மறுபுறம், முதிர்ந்த மாட்டின் விலையே ஒரு சிறு உழவர் அடுத்த மாட்டை வாங்குவதற்கான முதலின் ஒரு பகுதியாகும். கருணைக்கொலையில் அவருக்கு வருமானம் ஏதுமில்லை. புதைக்கும் செலவும் சேரும். ஏழை உழவரைக் குற்றஞ்சாட்டுவதை விட, மாடு செல்லும் வழியைச் சட்டப்படி வதையற்றதாக்குவதே பயன்தரும் என்ற வாதம் இதனால் எழுகின்றது.

தம்பிரான் மாட்டுத்தொழு

இதே பள்ளத்தாக்கில் மூன்றாவது வழி ஒன்றும் உண்டு. கம்பத்திலுள்ள நந்தகோபாலன் தம்பிரான் மாட்டுத்தொழுவில், நேர்ந்துவிடப்பட்ட மாடுகள் பராமரிக்கப்படுகின்றன. இங்குள்ள பட்டத்துக்காளை வழிபாட்டுக்குரியது. மாட்டுப்பொங்கல் அன்று மக்கள் திரளாக வந்து வணங்குகின்றனர். விற்காமலும் கொல்லாமலும் இறுதிவரை வைத்துப் பேணும் மரபுக்கு இது எடுத்துக்காட்டாகும்.

இத்தகைய தொழுவங்களும் பசு மடங்களும் வதையற்ற முதுமையை உறுதி செய்ய வேண்டுமாயின் தீவனம், இடம், மருத்துவம் ஆகியன தேவை. இந்தியாவின் பல பகுதிகளில் வசதிக்கு மீறி மாடுகளைச் சேர்க்கும் காப்பகங்களில் அவை பட்டினியாலும் நோயாலும் இறந்த செய்திகள் வெளிவந்துள்ளன. கொல்லாமை மட்டுமே நலனை உறுதி செய்துவிடாது என்பதற்கு இவை சான்றாகும்.

கோம்பை நாய்

உத்தமபாளையம் வட்டத்திலுள்ள கோம்பை என்னும் ஊரின் பெயரால் வழங்கும் கோம்பை நாய், காவலுக்கும் வேட்டைக்கும் பெயர்பெற்ற நாட்டு இனமாகும். 2020 ஆகத்து மாதம் இந்தியப் பிரதமரின் வானொலி உரையில் குறிப்பிடப்பட்ட நாட்டுநாய் இனங்களுள் இதுவும் ஒன்று. நாட்டு இனங்களுக்குப் பெருகும் வரவேற்பு அவற்றின் அழிவைத் தடுக்க உதவுகின்றது. அதேவேளையில் நகர வீடுகளில் வாங்கி வளர்க்கப்பட்டு, இடம் போதாமையாலோ அதன் மூர்க்கத்தாலோ நாயைக் கைவிடும் நிலையும் தோன்றலாம். நலமான நாயை இக்காரணங்களுக்காகக் கொல்வது வசதிக்கொலையாகும். அதனைத் தெருவில் விட்டுவிடுவது சட்டப்படி கைவிடுதல் என்னும் குற்றமாகலாம். வேறு பொறுப்பான வீடு தேடுவதே இவ்விரண்டுக்கும் மாற்றாகும்.

அரிக்கொம்பன்

துன்பத்திற்காக அன்றி, ஆபத்திற்காக விலங்கைக் கொல்லலாமா என்ற கேள்வி 2023 இல் கம்பத்தில் நேரடியாக எழுந்தது. கேரளத்தின் சின்னக்கானலில் 2023 ஏப்ரல் 29 அன்று பிடிக்கப்பட்டுப் பெரியாறு புலிகள் காப்பகத்தில் விடப்பட்ட அரிக்கொம்பன் என்னும் காட்டு யானை, மே 27 அன்று கம்பம் நகருக்குள் புகுந்தது. யானையால் காயமுற்ற ஒருவர் பின்னர் உயிரிழந்தார். நகரில் தடையுத்தரவு பிறப்பிக்கப்பட்டது. சூன் 5 அன்று சின்ன ஓவுலாபுரம் அருகே மயக்க ஊசி செலுத்திப் பிடிக்கப்பட்ட யானை, களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தில் விடப்பட்டது.

1972 ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் 11 ஆம் பிரிவின்படி, மனித உயிருக்கு ஆபத்தானதாகவோ மீளமுடியாத அளவுக்கு ஊனமுற்றதாகவோ நோயுற்றதாகவோ ஆகிவிட்ட யானை போன்ற விலங்கைக் கொல்ல, தலைமை வனவுயிர்க் காப்பாளர் மட்டுமே எழுத்துவழி அனுமதி தரலாம். பிடிக்கவோ மயக்கவோ இடம் மாற்றவோ இயலாது என உறுதியானால் மட்டுமே இவ்வனுமதி பொருந்தும். கொல்வது கடைசி வழியாகவே இருக்க வேண்டும் என்னும் இந்நெறி, வளர்ப்பு விலங்குகளுக்கும் பொருந்தக்கூடிய ஒன்றாகும்.

அறவாதங்கள்

கொல்லாமை நோக்கு

திருக்குறள் கொல்லாமை, புலால் மறுத்தல், இன்னா செய்யாமை ஆகியவற்றிற்குத் தனி அதிகாரங்களை வகுத்துள்ளது. கம்பம் பள்ளத்தாக்கில் உத்தமபாளையத்திலுள்ள கருப்பணசாமி பாறையில் செதுக்கப்பட்டுள்ள தீர்த்தங்கரர் உருவங்கள், இப்பகுதியில் சமணம் வேரூன்றியிருந்ததைக் காட்டுகின்றன. சமண நெறியின்படி ஓர் உயிரின் துன்பம் அதன் வினைப்பயனாகும். வேறொருவர் இடையில் புகுந்து உயிரை நீக்குவது அவ்வினையை அழிப்பதில்லை. கொன்றவருக்கே வினை சேர்கின்றது. எனவே துன்புறும் விலங்குக்குச் செய்யத்தக்கது பணிவிடையே என்பது இந்நோக்காகும். இந்நோக்கில் குறைந்தது ஒரு நடைமுறைப் பயன் உண்டு: அது மனிதரின் அவசரத்திற்குத் தடையாக நிற்கின்றது.

காந்தியின் கருத்து

அகிம்சையின் உள்ளிருந்தே எதிர்க்கருத்தை முன்வைத்தவர் மகாத்மா காந்தி ஆவார். 1928 ஆம் ஆண்டு சபர்மதி ஆசிரமத்தில் ஒரு கன்று, மீள வழியின்றிக் கடும் வேதனையில் கிடந்தது. காந்தி மருத்துவரை அழைத்து ஊசி வழியாக அதன் உயிரைப் போக்கச் செய்தார். இது நாடெங்கும் கடும் எதிர்ப்பை எழுப்பியது. நவஜீவன், யங் இந்தியா இதழ்களில் அவர் விளக்கம் அளித்தார். சினத்தாலோ தன்னலத்தாலோ உயிருக்குத் தீங்கு செய்வதே இம்சை என்றும், வேறு வழியற்ற நிலையில் அவ்வுயிரின் நன்மை ஒன்றையே கருதிச் செய்வது அகிம்சையாகலாம் என்றும் அவர் வாதிட்டார். மனிதருக்கும் அதே நெறி பொருந்தும் என்பதை அவர் மறுக்கவில்லை.

அதே கட்டுரையில் அவர், ஆசிரமப் பயிர்களை அழிக்கும் குரங்குகளைக் கொல்வதைப் பற்றியும் எழுதினார். அது குரங்குகளின் நன்மைக்காக அன்றி மனிதரின் நன்மைக்காகச் செய்யப்படுவதால் இம்சையே ஆகும் என்றார். கருணைக்கொலைக்கும் வசதிக்கொலைக்கும் இடையிலான எல்லைக்கோட்டை இதைவிடத் தெளிவாக வரைந்த எடுத்துக்காட்டு அரிது.

மேற்கத்திய அறவியல்

பயன்நோக்கு அறவியலின் முன்னோடியான செரமி பெந்தாம், 1789 இல் வெளியான தன் நூலில், விலங்குகளின் பகுத்தறிவை விட அவற்றின் துன்புறும் ஆற்றலே அறத்திற்கு முக்கியம் என வாதிட்டார். பீட்டர் சிங்கர் 1975 இல் இவ்வாதத்தை விரிவுபடுத்தினார். இந்நோக்கின்படி, மீளாத துன்பத்தில் இருக்கும் விலங்கைக் கொல்லாது விடுவதும் ஒரு தீங்காகும்.

உரிமைநோக்கு அறவியலாளர் தாம் ரீகன் 1983 இல், வலியின்றிக் கொல்வது மட்டும் போதாது, இறப்பு உண்மையிலேயே அவ்விலங்கின் நலனுக்கு உகந்ததாக இருக்க வேண்டும் என்றார். இவ்வளவுகோலின்படி, காப்பகங்களில் இடமின்மையால் நலமான விலங்குகளைக் கொல்வதைக் கருணைக்கொலை என அழைப்பது பிழையான பெயரிடல் ஆகும்.

குடும்பத்தினரும் மருத்துவரும்

வளர்த்த விலங்கின் இறப்புக்கு ஒப்புதல் அளித்தவர்களிடம் துயரத்துடன் குற்றவுணர்வும் காணப்படுகின்றது. "அவசரப்பட்டுவிட்டோமோ" என்றும், "இவ்வளவு நாள் துன்புற விட்டோமோ" என்றும் ஒரே குடும்பத்தில் இருவேறு எண்ணங்கள் எழலாம். மருத்துவர் நோயின் போக்கையும் மாற்று வழிகளையும் முன்கூட்டியே விளக்குதல், எழுத்துவழி ஒப்புதல் பெறுதல், விரும்புவோரை இறுதிவரை உடனிருக்க விடுதல் ஆகியன நல்ல நடைமுறைகளாகும். அறிமுகமான குரலும் தொடுதலும் விலங்கின் அச்சத்தைக் குறைக்கின்றன. குழந்தைகளிடம் "தூங்க வைத்தோம்" எனச் சொல்வதைத் தவிர்ப்பது நல்லது. அவர்கள் தூக்கத்தையே அஞ்சத் தொடங்கலாம்.

வசதிக்கொலைக்கான கோரிக்கையை மறுப்பதும், தேவையான கருணைக்கொலையை உரிமையாளர் மறுக்கும்போது விலங்கின் துன்பத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதும் கால்நடை மருத்துவருக்குப் பெரும் மனச்சுமையாகும். கருணைக்கொலையைக் கால்நடை மருத்துவர் மட்டுமே செய்ய வேண்டும். மருந்துக் கடையில் வாங்கிய மாத்திரைகளையோ பூச்சிக்கொல்லியையோ கொடுத்துக் கொல்வது, எந்த நோக்கத்துடன் செய்யப்பட்டாலும், நீண்ட வலியைத் தரும் வதையே ஆகும்.

மருத்துவ வசதியின்மை

ஊர்ப்புறங்களில் பல விலங்குகள் வலிநீக்கமும் இன்றி, கருணைக்கொலையும் இன்றி இறக்கின்றன. அருகில் மருத்துவர் இல்லாமை இதற்கு முக்கியக் காரணமாகும். தமிழ்நாட்டில் 1962 என்ற தொலைபேசி எண்ணில் கால்நடை அவசர ஊர்திச் சேவை இயங்குகின்றது. 2020 இல் தேனியில் கால்நடை மருத்துவக் கல்லூரி ஒன்று தொடங்கப்பட்டது. முதல் நாளிலேயே மருத்துவர் வந்து சேர்ந்தால், படுத்த பசுக்களில் சில எழுந்துவிடும். எழ இயலாதவை நாள்கணக்கில் காத்திருக்க வேண்டியிராது.